புதுப்பிப்பு: தாத்தா வீட்டைத் தூக்கியாச்சு, திண்ணைதான் போச்சு

ஜனவரியில் கேட்டிருந்தேனே: திருவல்லிக்கேணி வீடு, மெட்ராஸ் டெரஸ் கூரை (மர உத்திரங்கள் மேல் செங்கல் பதித்த பழைய பாணித் தட்டைக் கூரை), தார் மேல் தார் போட்டுத் தெரு உயர்ந்து வாசல் பள்ளமாகிவிட்டது, 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் கூடத்தில் முழங்கால் தண்ணீர், ஜாக்கி வைத்துத் தூக்கலாமா என்று. தூக்கிவிட்டோம், மூன்றரை அடி. “இடிச்சுட்டு ஃப்ளாட் கட்டுங்க” என்ற அத்தனை பேருக்கும் ஒரு கும்பிடு.

சுவரடியைப் பகுதி பகுதியாக உடைத்து, இரும்புச் சேனல் நுழைத்து, அதன் கீழே ஜாக்கிகள். மேஸ்திரி விசிலடித்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே அளவு திருப்ப வேண்டும். ஒருவர் முந்தினாலும் விரிசல். நம்முடையது சுண்ணாம்புக் காரைச் சுவர், சுவர்களைச் சுற்றிப் பிணைக்கும் காங்கிரீட் பெல்ட் எதுவும் கிடையாது. அதனால் முதலில் கதவு, ஜன்னல் இடைவெளிகளைச் செங்கல்லால் அடைத்து, தேக்கு உத்திரங்களுக்கு முட்டுக் கொடுத்தோம். நாள் முழுக்க என் கண் உத்திரத்துக்கு மேலே சாய்வரிசையில் நிறுத்திப் பதித்த மெல்லிய செங்கற்கள் மேல்தான். ஒன்றுகூட உதிரவில்லை. அத்தை பூஜை அறையில் டம்ளர் நிறைய தண்ணீர் வைத்துக் காவல் காத்தார், சிந்துகிறதா என்று!

சறுக்கிய இடம் பூச்சு. நான் ஊரில் இல்லாத நேரம் பார்த்து அடிச்சுவரில் சிமெண்ட் பூசிவிட்டார்கள். உள்ளே இருந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சு பொரிந்துவிட்டது. கொத்தி எடுத்துவிட்டு, கடுக்காய், வெல்லம் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்பு குழைத்து மறுபடி பூசினோம். செலவு இரட்டிப்பு.

திண்ணை சுவரோடு பிணைப்பில்லாமல் தனியாகக் கட்டியது, அதனால் கீழேயே நின்றுவிட்டது. இப்போது பாட்டி ஐந்து படி ஏற வேண்டும். பழைய பாணியில் மரக் கைப்பிடி செய்யும் ஆசாரி யாராவது இருந்தால் சொல்லுங்கள்.