மாடி ஹைட்ரோபோனிக்ஸ்: கோடையில் லெட்டூஸ் வேர் அழுகுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். சென்னை மடிப்பாக்கத்தில் 900 சதுர அடி மொட்டை மாடியில், என்.எஃப்.டி. குழாய்களில் (மண் இல்லாமல், சத்துநீர் மெல்லிய படலமாக வேரை நனைத்து ஓடும் முறை) லெட்டூஸும் பேசிலும் வளர்த்து இரண்டு கஃபேக்களுக்குக் கொடுக்கிறேன். தொடங்கி 14 மாதம் ஆகிறது. பிப்ரவரி வரை நன்றாகத்தான் ஓடியது. மார்ச் கடைசியிலிருந்து லெட்டூஸ் தேறவே இல்லை.

மதியம் 2 மணிக்குத் தொட்டித் தண்ணீர் 34 டிகிரி. காலையில் நிமிர்ந்து நிற்கும் இலை 11 மணிக்கே துவண்டுவிடுகிறது. வேர் பழுப்பாக, வழவழவென்று இருக்கிறது. விரலால் உருவினால் மேல்தோல் கழன்று நூல் மாதிரி நடு நரம்பு மட்டும் மிஞ்சுகிறது. சாக்கடை வாடை வேறு. பித்தியம் (தண்ணீரில் பரவும், பூஞ்சை போன்ற கிருமி) அழுகல் என்றே நினைக்கிறேன். தப்பித்த செடிகளும் பூத்தண்டு விட்டுக் கசக்கின்றன. பேசிலுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

50 சதவீத நிழல்வலை கட்டினேன். 500 லிட்டர் தொட்டியைத் தெர்மாகோலால் சுற்றினேன். கூடுதலாக ஏர் பம்ப் வைத்தேன், குழாய்களைக் கழற்றி ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டுக் கழுவினேன். ஐஸ் பாட்டில்கள் போட்டதில் ஒரு மணி நேரம்கூடக் குளிர்ச்சி நிற்கவில்லை (வீட்டு ஃப்ரீசர் காலியானதுதான் மிச்சம்). ஆர்.ஓ. தண்ணீர்தான், பி.எச். 5.8 முதல் 6.2, இ.சி. (தண்ணீரில் கரைந்த உரத்தின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன்) 1.4. மாடி என்பதால் தொட்டியை மண்ணில் புதைக்க முடியாது. சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) வாங்கினால் கரண்ட் பில்லிலேயே லாபம் போய்விடும்.

சில்லர் இல்லாமல், மாடித் தொட்டித் தண்ணீரைக் கோடையில் 28 டிகிரிக்குள் வைத்து லெட்டூஸ் எடுப்பவர்கள் இருந்தால், எப்படிச் செய்கிறீர்கள்?