மதுரையிலிருந்து தங்கச்சிமடத்துக்கு ஊசி மருந்து கொண்டுவர ஆள் தேவை

உறவுகளே, முழங்காலை ஒட்டிய தொடை எலும்பில் ஜயன்ட் செல் கட்டி (எலும்பை அரிக்கும் ஒரு வகைக் கட்டி) உள்ள தம்பி ஒருவருக்கு எலும்பு அரிப்பைத் தடுக்கும் டெனோசுமாப் ஊசி அவசரமாக வேணும். 120 மி.கி., 1.7 மி.லி. குப்பி மட்டுமே; 60 மி.கி. ஊசி எலும்புத் தேய்மானத்துக்கானது, மாற்றி வாங்கிவிடாதீங்க. 4 வாரத்துக்கு ஒன்று, முதல் மாதம் மட்டும் 8-ம் நாளும் 15-ம் நாளும் கூடுதலாக.

2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கணும். மீன் பெட்டி மாதிரி ஐஸில் புதைத்தால் உறைந்து வீணாகிவிடும். குப்பியைத் துணியில் சுற்றி, ஐஸ் பை படாமல் தெர்மாகோல் பெட்டியில் வையுங்க. குலுக்கவும் கூடாது.

இன்னொன்று, கக்கத்தில் வைத்து நடக்கும் ஊன்றுகோல் ஒரு ஜோடி இருந்தால் கொடுங்க. கட்டி அரித்து எலும்பு ஓடு மெலிந்திருக்கு. கால் ஊன்றினாலே முறியலாம். ராமேஸ்வரம் பக்கம் பல் மருத்துவர் யாராவது ஊசிக்கு முன்பே பார்க்க முடியுமா? ஊசி தொடங்கியபின் பல் பிடுங்கினால் தாடை எலும்பு செத்துப்போகும் ஆபத்து உண்டு.