கப்பலில் கூல்டிரிங்க்ஸ் பேக்கேஜ் வாங்கலாமா? 6 பேர், 7 இரவு, கால்வெஸ்டன்

ஃபிரிஸ்கோ வாசி:

எல்லோருக்கும் வணக்கம். மார்ச்சில் பிள்ளைகளின் ஸ்பிரிங் பிரேக்கில் டெக்சஸின் கால்வெஸ்டன் துறைமுகத்திலிருந்து 7 இரவு கப்பல் பயணம் போட்டிருக்கிறோம். வழியில் நிற்கும் துறைமுகங்கள் கோஸ்டா மாயா, ரோவாட்டான், கோசுமேல். எங்களுக்கு இதுதான் முதல் முறை. நான், மனைவி, 13 வயது மகன், 8 வயது மகள், மதுரையிலிருந்து வந்திருக்கும் என் அப்பா, அம்மா. ஆறு பேர், இரண்டு அறை.

டிக்கெட் போட்ட நாளிலிருந்து வாரத்துக்கு இரண்டு மின்னஞ்சல் வருகிறது, டிரிங்க்ஸ் பேக்கேஜை இப்போதே வாங்கினால் தள்ளுபடி என்று. வெறும் சோடா பேக்கேஜ் ஒன்று, மதுவோடு சேர்ந்தது ஒன்று. (இங்கே சோடா என்றால் கோக், பெப்சி வகையறா என்று அப்பாவுக்கு விளக்கவே அரை மணி நேரம் ஆயிற்று. அவருக்கு சோடா என்றால் கோலி சோடாதான்.)

மகன் விட்டால் நாள் முழுக்க கோக் குடிப்பான். மகளுக்கு எலுமிச்சை ஜூஸ் போதும். அப்பாவுக்கு சர்க்கரை. அம்மா ஐஸ் பட்ட தண்ணீரைத் தொட்டாலே தொண்டை கட்டிவிடும் என்பார். நான் சாயங்காலம் ஒன்றிரண்டு பீர் குடிப்பேன், மனைவி தொடமாட்டாள். இந்தக் கூட்டத்துக்கு எதை வாங்குவது? எதுவும் வாங்காமல் ஏறினால் தண்ணீருக்குக்கூடக் காசு கொடுக்க வேண்டியிருக்கும் என்று அலுவலகத்தில் ஒருவர் பயமுறுத்துகிறார். உண்மையா?


மேல்தளம்:

தண்ணீருக்குக் காசு இல்லை. பாட்டில் தண்ணீருக்குத்தான் காசு. குழாய்த் தண்ணீரே நன்றாக இருக்கும், தைரியமாகக் குடிக்கலாம். அலுவலக நண்பரை அடுத்த முறை கூடவே கூட்டிப் போங்கள்.


கேட்டி அம்மா:

தம்பி, நாங்கள் கால்வெஸ்டனிலிருந்து மூன்று முறை போய் வந்தோம். முதல் முறை பேக்கேஜ் வாங்கி ஏமாந்தோம், இரண்டாவது முறை வாங்காமல் கணக்கு எழுதினோம், மூன்றாவது முறைதான் சரியாகப் போனோம். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் இலவசமாகக் கிடைப்பதைச் சொல்லிவிடுகிறேன். பஃபே தளத்தில் தண்ணீர், ஐஸ், சாதாரண காபி, டீ பைகள், வெந்நீர், லெமனேட், ஐஸ் டீ எல்லாம் இருக்கும். காலையில் ஜூஸும் பாலும் உண்டு. டீ வைத்திருக்கும் மேஜையிலேயே எலுமிச்சைத் துண்டு, உப்புப் பொட்டலம், சர்க்கரைப் பொட்டலம் கிடக்கும். என் மாமியார் ஏழு நாளும் அங்கேயே நின்று உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் கலந்து குடித்தார். மூன்றாம் நாளிலிருந்து பக்கத்து மேஜை அமெரிக்கப் பாட்டிக்கும் ஒரு தம்ளர் கலந்து கொடுத்தார். உங்கள் அம்மா, அப்பா இருவருக்கும் அது போதும். அவர்களுக்கு ஒரு பேக்கேஜும் வேண்டாம். பெரிய ஃபிளாஸ்க் ஒன்று எடுத்துப் போங்கள். அதன் வாயைக் குழாயில் நேராக வைக்க விடமாட்டார்கள், தம்ளரில் பிடித்துத்தான் ஊற்ற வேண்டும். எலக்ட்ரிக் கெட்டில் கொண்டு போகாதீர்கள், எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

இனி சோடா பேக்கேஜ். நாங்கள் போனபோது ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர். அதன்மேல் 18 சதவீதம் சர்வீஸ் சார்ஜ். ஆக 14 டாலர் 16 சென்ட். விளம்பரத்தில் 12 மட்டும்தான் கண்ணில் படும். இஷ்டப்பட்ட நாளுக்கு மட்டும் வாங்க முடியாது, பயணம் முழுவதற்கும்தான். நீங்கள் பகல் ஒன்றரை மணிக்கு ஏறினாலும் அது ஒரு முழு நாள். கோசுமேலில் காலை முதல் மாலை வரை கரையில் இருந்தாலும் அதுவும் ஒரு நாள். 7 நாளுக்கு ஒருவருக்கு 99 டாலர், எங்கள் நாலு பேருக்கு 396.

தனியாக வாங்கினால் ஒரு கேன் அப்போது மூன்றரை டாலர், சர்வீஸ் சார்ஜோடு 4 டாலர் 13 சென்ட். அதாவது ஒருவர் தினமும் நாலு குடித்தால்தான் பேக்கேஜுக்குப் போட்ட காசு திரும்பும். கேட்டால் நாலுதானே என்று தோன்றும். கரைக்குப் போகும் மூன்று நாளையும் நினைத்துப் பாருங்கள். காலைச் சாப்பாட்டோடு யாரும் கோக் குடிப்பதில்லை. பகல் முழுக்க வெளியே. மாலை ஐந்து மணிக்கு வந்து படுக்கைக்குப் போவதற்குள் நாலு கிளாஸ் குடிக்க வேண்டும்.

இரண்டாவது பயணத்தில் என் கணவர் அறையில் இருந்த குறிப்புத்தாளில் ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தார். நாலு பேரும் சேர்ந்து 7 நாளில் 22 கோடு. அதில் 13 பெரியவனுடையது. மொத்தம் 91 டாலருக்கு 14 சென்ட் குறைவு. அந்தத் தாளை இன்னும் ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறார், எனக்காக. ஏனென்றால் முதல் முறை நாலு பேருக்கும் வாங்கச் சொன்னது நான்.

முதல் முறை நடந்ததையும் சொல்கிறேன், கப்பல் பெயர் வேண்டாம். சின்னவனுக்கு அப்போது பத்து வயது. கப்பலில் அறைச் சாவியாகவும் பொருள் வாங்கவும் ஒரே கார்டுதான்; அதில் சோடா ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தார்கள். ஜில்லென்று எது இருந்தாலும் தனக்கு இலவசம் என்று அவன் நினைத்துவிட்டான். நீச்சல்குளத்துப் பக்கத்து பாரில் ஸ்ட்ராபெர்ரி போட்ட மாக்டெயில் (மது கலக்காத காக்டெயில்), மேலே ஒரு செர்ரி. கார்டை நீட்டினான், அவர்களும் இழுத்துக்கொண்டு கொடுத்தார்கள். கடைசி இரவு பில்லைப் பார்த்தால் ஒன்பது மாக்டெயில், 69 டாலர். கவுன்டரில் போய் நின்றேன். சோடா பேக்கேஜில் மாக்டெயில், மில்க் ஷேக், பாட்டில் தண்ணீர் எதுவும் சேராது என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். ஏறிய அன்றே வரவேற்பு மேஜைக்குப் போய்ப் பிள்ளைகளின் கார்டில் எதுவும் வாங்க முடியாதபடி தடை போடச் சொல்லுங்கள். ஒரு நிமிஷ வேலை.

மது பேக்கேஜ் உங்களுக்கு வேண்டவே வேண்டாம். கார்னிவல், ராயல் கரீபியன் என்ற கப்பல் கம்பெனிகள் இரண்டிலும் ஒரே விதிதான்: ஓர் அறையில் ஒருவர் வாங்கினால் அந்த அறையில் குடிக்கும் வயது வந்த எல்லோரும் வாங்க வேண்டும். உங்கள் மனைவி லெமனேட் குடித்துக்கொண்டு முழு விலை கொடுப்பார். இரண்டு பேருக்கும் சேர்த்து ஆயிரம் டாலர் பக்கம் வரும். ஒரு பீர் 8 டாலர் என்று வைத்தாலும், தினம் இரண்டு என்றால் சர்வீஸ் சார்ஜோடு வாரத்துக்கு 130 சொச்சம். அதைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகக் குடியுங்கள். சோடா பேக்கேஜுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, ஒருவருக்கு மட்டும் வாங்கலாம்.

எந்தக் கம்பெனி என்று நீங்கள் சொல்லவில்லை. அதைப் பொறுத்துத்தான் மீதி. கார்னிவலில் ஏறும் நாளன்று ஆளுக்கு 12 கேன் வரை கையில் கொண்டுபோக விடுவார்கள். பாட்டில் கூடாது, கேன் அல்லது அட்டைப்பெட்டி. ராயல் கரீபியனில் அறைக்கு 12. நார்வீஜியனில் ஒன்றும் கூடாது. டிஸ்னியில் தளத்திலும் சாப்பாட்டு அறையிலும் கோக் சும்மாவே கிடைக்கும், டிக்கெட்டில் அதற்கும் சேர்த்து வாங்கியிருப்பார்கள்! நாங்கள் மூன்றாவது முறை ஆளுக்கு 12 கேன் தூக்கிக்கொண்டு போனோம். அறை சுத்தம் செய்ய வருபவரிடம் ஐஸ் கேட்டால் வாளி நிறைய வைத்துவிட்டுப் போவார். அந்தக் குட்டி ஃபிரிட்ஜை நம்பாதீர்கள், அதில் வைத்தது ஜில்லென்று ஆவதற்குள் கப்பல் கரைக்கு வந்துவிடும்.


பிளேனோ மாமா:

கேட்டி அம்மா சொல்வது கணக்குப்படி சரி. ஆனால் நான் கொஞ்சம் மாறுபடுகிறேன்.

எங்கள் வீட்டில் 15 வயசுப் பையன். போன வருஷம் அவனுக்கு மட்டும் சோடா பேக்கேஜ் வாங்கினேன். ராயல் கரீபியன் கப்பல். அங்கே அடியில் சிப் வைத்த பிளாஸ்டிக் தம்ளர் தந்தார்கள். கோக் ஃப்ரீஸ்டைல் மெஷினில் வைத்தால் அதுவே அடையாளம் கண்டு ஊற்றியது, வேறு தம்ளரை வைத்தால் சொட்டவில்லை. செர்ரி, வெனிலா, லைம் என்று என்னென்னவோ கலந்து தினமும் ஏழெட்டு குடித்தான். அவனுக்கு அது பானமில்லை, விளையாட்டு. பாரில் வரிசையில் நிற்க வேண்டாம், கார்டு நீட்ட வேண்டாம். விடுமுறையில் ஒவ்வொரு கிளாஸுக்கும் கோடு போட்டுக்கொண்டிருக்க என்னால் முடியாது அம்மா, மன்னிக்கவும். பையன் உடம்புக்கு நல்லதா என்று கேட்டால் இல்லை. வீட்டுக்கு வந்து ஒரு மாதம் கோக் கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

ஒரு எச்சரிக்கை. ஒருவர் பேக்கேஜில் இன்னொருவர் குடிக்கக் கூடாது. தங்கைக்கு அவன் ஊற்றிக் கொடுத்ததைப் பார்த்து ஓர் ஊழியர் தன்மையாகத்தான் சொன்னார், ஆனாலும் எனக்கு முகம் சிவந்துவிட்டது.

வாங்குவதாக இருந்தால் கப்பலில் ஏறி வாங்காதீர்கள். இணையத்தில் முன்கூட்டியே வாங்கினால் விலை குறைவு. விலை இன்னும் இறங்கினால் முதலில் வாங்கியதை ரத்து செய்துவிட்டுத் திரும்ப வாங்கலாம், புறப்படச் சில நாள் முன்பு வரை. நான் இரண்டு முறை அப்படிச் செய்தேன். ஆமாம், கணக்குப் பார்க்காத ஆள்தான்.

கேட்காததையும் சொல்கிறேன். கோசுமேலில் டெக்கீலா வாங்கினால் கப்பலில் ஏறும்போதே வாங்கி வைத்துக்கொண்டு பயணம் முடியும்போதுதான் தருவார்கள். கால்வெஸ்டனில் இறங்கியதும் டெக்சஸ் மதுபான ஆணையத்தின் ஆட்கள் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார்கள், பாட்டிலுக்கு இவ்வளவு என்று வரி கட்டிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும்.


ஃபிரிஸ்கோ வாசி:

அக்கா, மாமா, மேல்தளம், மூவருக்கும் நன்றி. நாங்கள் போவது கார்னிவல். ஆளுக்கு 12 என்றால் ஆறு பேருக்கு 72 கேன்! அதைத் தூக்க இன்னொரு ஆள் டிக்கெட் போட வேண்டும். மகனுக்கு மட்டும் பேக்கேஜ் வாங்கலாமா என்று யோசிக்கிறேன். அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னார்: கப்பலில் மோர் கிடைக்குமா?


கேட்டி அம்மா:

72 எதற்கு? 24 போதும். அப்பாவுக்கு ஆசைக்கு சர்க்கரை இல்லாத டயட் கேன் நாலு அதிலேயே கலந்து வாங்குங்கள். ஹெச்-இ-பி கடையில் 12 கேன் அட்டை இரண்டு வாங்கி ஆளுக்கு ஒன்றாகக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். பெரிய பெட்டிக்குள் வைத்து அனுப்பாதீர்கள், கை சாமானில் மட்டும்தான் அனுமதி. ஏறும் நாளன்று மட்டும்தான். ரோவாட்டானில் வாங்கி வர முடியாது.

கார்னிவலில் பிளேனோ மாமா சொன்ன மெஷின் கிடையாது. பாரில் போய் கார்டைக் காட்டி ஒவ்வொரு கிளாஸாக வாங்க வேண்டும். நாங்கள் போனபோது கிடைத்ததும் பெப்சி வகைதான், மகன் கோக் கட்சி என்கிறீர்கள், முதலில் அவனிடம் கேளுங்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் பேக்கேஜ் விலை கொஞ்சம் குறையும். ஒரு நாளைக்கு நாலைந்து குடிப்பான் என்று நிச்சயமாகத் தெரிந்தால் அவனுக்கு மட்டும் வாங்குங்கள், நான் சண்டைக்கு வரமாட்டேன்.

சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாமா என்று உங்கள் அம்மா அடுத்துக் கேட்பார். கூடாது. வீட்டில் செய்தது எதையும் ஏற்றவிடமாட்டார்கள், சீல் பிரிக்காத கடைப் பொட்டலம்தான். நான் ஒரு முறை புளியோதரையைத் துறைமுகக் கார் நிறுத்தத்திலேயே உட்கார்ந்து தீர்த்தேன். மதுரைக்காரர்கள் என்கிறீர்கள், கால்வெஸ்டன் போகும் வழியில் கொஞ்சம் ஒதுங்கினால் பேர்லேண்ட் மீனாட்சி கோயில். முதல் நாளே கிளம்பி ஹூஸ்டனில் தங்கினால் காலையில் தரிசனம் முடித்துவிட்டுப் போகலாம்.

மோர் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. காலை பஃபேயில் பழம் கலந்த தயிர் வரிசைக்குப் பக்கத்தில் சர்க்கரை போடாத வெறும் தயிர் இருக்கும். நாலு கரண்டி தம்ளரில் போட்டு, ஐஸ் இல்லாத தண்ணீர் ஊற்றி, உப்புப் பொட்டலம் ஒன்றைப் பிரித்துக் கொட்டி அடிக்கச் சொல்லுங்கள். பெருங்காயத்தூள் மட்டும் இங்கிருந்து, பிரிக்காத டப்பாவாக. கப்பலில் திறந்ததும் இரண்டு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி வையுங்கள், இல்லாவிட்டால் அறை முழுக்க மணக்கும்.