பள்ளி அணியில் ஆடும் மகள், முழங்கால் வலி: யோசனை சொல்லுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம். என் மகளுக்கு 14 வயது. பள்ளி வாலிபால் அணியில் ஆடுகிறாள். சேர்ந்த பிறகு நல்ல மாற்றம்: படுத்ததும் தூங்கிவிடுகிறாள், தோற்றுவிட்டு வந்தாலும் மறுநாள் சிரித்துப் பேசுகிறாள். முன்பெல்லாம் ஒரு மதிப்பெண் குறைந்தாலே வீடு இரண்டாகும். அதனால் "விளையாட்டை நிறுத்து, படிப்பு கெடும்" என்ற அறிவுரை மட்டும் வேண்டாம். அது உறவினர்களிடமே தாராளமாகக் கிடைக்கிறது.

பிரச்சினை வேறு. முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே வலி. குதித்தால் கூடுகிறது, ஓய்வெடுத்தால் குறைகிறது. டாக்டர் ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்றார். வளரும் பிள்ளைகளுக்கு, ஓடிக் குதிக்கும்போது தொடைத் தசையின் இழுப்பு கீழ்க்கால் எலும்பின் வளரும் பகுதியில் விழுவதால் வருவதாம். வளர்ச்சி முடிந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும், அதுவரை வலிக்கு ஏற்ப ஆட்டத்தைக் குறைக்க வேண்டும் என்றார்.

ஆனால் கோச்சுக்குப் போட்டிதான் கண்ணில் தெரிகிறது. இவளும் அணியிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்று வலியை மறைக்கிறாள். எனக்கு உண்மையில் பயம் அதுதான். உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரை சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் உடலுழைப்பு வேண்டும் என்கிறது. இவளுக்கு அதைவிட எவ்வளவோ அதிகம். விடியற்காலைப் பயிற்சியால் இந்த வயதுக்குத் தேவையான 8 மணி நேரத் தூக்கமும் கிடைப்பதில்லை.

இதே வலியோடு ஆடியவர்கள், பெற்றோர், பயிற்சியாளர்கள் யாராவது இருக்கிறீர்களா? அணியில் இடம் போகாமல் கோச்சிடம் எப்படிப் பேசினீர்கள்? அப்புறம், குதிக்காத நாட்களில் என்ன பயிற்சி கொடுத்தீர்கள்?