விடியற்காலையில் திறக்காத கதவு: மூட்டுவாத அனுபவங்கள்

பள்ளத்தூர்ப் பெண்:

ஆத்தாவின் கைவலி எங்களுக்குப் பழகிப்போன செய்தி. தொலைபேசியில் "விரல் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது" என்பார். "தைலம் தடவு" என்பேன். பேச்சு பிள்ளைகளின் படிப்புக்குத் தாவிவிடும்.

சென்ற மார்கழியில் இரவு ரயிலில் காரைக்குடியில் இறங்கி, ஐந்தரை மணிக்கு வாசலில் நின்று கதவைத் தட்டினேன். "இதோ வந்துவிட்டேன்" என்று குரல் கேட்டது. கதவு திறக்கவில்லை. முகப்பில் பனி, கையில் பெட்டி, கண்ணில் தூக்கம். "என்ன ஆத்தா செய்கிறாய், எத்தனை நேரம்!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். உள்ளே டங், டங் என்று எதையோ இடிக்கும் சத்தம் மட்டும் வந்தது. கால் மணி நேரம் ஆகியிருக்கும். கதவு திறந்தபோது "கண் அயர்ந்துவிட்டேன்" என்றார். இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே ஒரு பித்தளைச் செம்பை அணைத்துப் பிடித்திருந்தார்.

வெளிச்சம் வந்த பிறகுதான் பார்த்தேன். இரும்புத் தாழ்ப்பாளின் குமிழ் முழுக்கப் பித்தளை உரசிய மஞ்சள் கோடுகள். செம்பின் அடியில் குழி குழியாக நசுங்கல். ஒரு நாளில் விழுந்தவை அல்ல. பால்காரர் வரும் நேரத்தில் விரல் மடங்காமல், தினமும் அந்தச் செம்பால்தான் தாழை இடித்துத் தள்ளியிருக்கிறார்.

மதுரையில் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "காலையில் எழுந்தபின் விரல் மடங்க எவ்வளவு நேரம் ஆகிறது?" என்பதுதான். "எட்டு மணிக்கு மேல் சரியாகிவிடும்" என்றார் ஆத்தா, அது ஒரு குறையே இல்லை என்பதுபோல. இரண்டு மணிக்கட்டுகளும், இரண்டு கைகளிலும் விரல்களின் அடிமூட்டுகளும் ஒன்றுபோல வீங்கியிருந்தன. முடக்குவாதம் என்றார். மூட்டுத் தேய்மானமாக இருந்தால் காலைப் பிடிப்பு பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும், இது அப்படியல்ல என்றார். அதற்கு முன் எட்டு மாதம், வேறோர் இடத்தில், "வயதானால் வருவதுதான்" என்று சொல்லி வலி மாத்திரை மட்டும் கொடுத்திருந்தார்கள். ஆத்தாவுக்கு வயது 56.

நான் தெருவில் நின்று கத்தியது மட்டும் மனத்தை விட்டுப் போகவில்லை.

தேவகோட்டைக்காரன்:

எனக்கு வந்தது காலில். ஊரில் கிடாவெட்டு முடிந்த இரவு. ஈரல், தலைக்கறி என்று எதையும் விடவில்லை. இரண்டு மணிக்கு விழித்தால் வலது கால் பெருவிரல் நெருப்பாக இருக்கிறது. போர்வையை எடுத்துவிட்டேன். பிறகு மின்விசிறியின் காற்றே தாங்கவில்லை. 47 வயது ஆண் நான், மனைவியிடம் விசிறியை நிறுத்தச் சொல்லி அழுதேன். மறுநாள் ரத்தத்தில் யூரிக் அமிலம் சரியாகத்தான் இருக்கிறது, சுளுக்கு என்று அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் முறை வந்தபோதுதான் கீல்வாதம் என்று தெரிந்தது. கறியைக் குறைத்தேன், இப்போது ஓர் ஆண்டாக இல்லை. சகோதரி, உங்கள் ஆத்தாவின் சாப்பாட்டையும் கவனியுங்கள். எல்லா மூட்டுவலிக்கும் வேர் வாயில்தான் இருக்கிறது.

முறுக்குச் சுற்றுகிறவள்:

அண்ணன் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கீல்வாதம் வேறு, முடக்குவாதம் வேறு. உங்களுடையது யூரிக் அமிலம் உப்பாக மூட்டில் படிவது. எங்களுடையது உடம்பின் காவல் சக்தியே தன் மூட்டைப் பகை என்று நினைத்துத் தாக்குவது. புளியை நிறுத்து, கத்தரிக்காயை நிறுத்து, தயிரை நிறுத்து என்று ஒவ்வொருவரும் சொல்ல, நான் ஆறு மாதம் ரசமும் சோறுமாக இருந்தேன். ஒன்பது கிலோ இளைத்தேன். வீக்கம் இளைக்கவில்லை. நோயாளியின் வாயைக் குற்றம் சொல்லாதீர்கள்.

காரைக்குடியில் பலகாரக் கடைக்குக் கைமுறுக்குச் சுற்றுகிறேன். எண்ணிக்கைக்குத்தான் கூலி. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாவை முறுக்கிக்கொண்டே போக வேண்டும். 34 வயதில் அந்த இரண்டு விரல்களும் சேர மறுத்தன. தீபாவளிக்கு முந்தைய வாரம், என் துணியில் பாதி முறுக்குகூட இல்லை. தலை நிமிராமல் சுற்றிக்கொண்டிருந்தேன். எண்ண வந்தபோது துணி நிறைந்திருந்தது. இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்த அக்காமார்கள் தங்கள் முறுக்கைக் கரண்டியால் தள்ளி என் பக்கம் வைத்திருக்கிறார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று அவர்களுக்குக் கூலி குறைந்தது.

இப்போது முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரை சாப்பிடுகிறேன். வாரத்தில் ஒரே ஒரு நாள், எனக்குப் புதன்கிழமை. நாள்தோறும் போட்டால் உயிருக்கே ஆபத்து, நாட்காட்டியில் வட்டம் போட்டு வையுங்கள். பிள்ளை பெற நினைப்பவர்கள் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஓய்வுபெற்ற செவிலி, திருப்பத்தூர்:

என் நாத்தனாருக்கு முழங்கால் வலி. யாரோ கொடுத்த பெயரில்லாப் பொட்டலத் தூளை மூன்று மாதம் சாப்பிட்டார். வலி பறந்தது. ஒரு விசேஷ வீட்டில் எல்லோரும் "முகம் என்ன பொலிவு!" என்றார்கள். எனக்கு மட்டும் வயிறு கலங்கியது, அந்த உருண்டை முகத்தை வார்டில் எத்தனை பேரிடம் பார்த்திருக்கிறேன்! தூளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சபையில் வேண்டாம் என்று இருந்துவிட்டேன். பத்து நாளில் தூள் தீர்ந்துபோக, அவர் மயங்கி விழுந்தார். சர்க்கரை வேறு ஏறியிருந்தது.

ஆகவே சொல்கிறேன், யாரும் கேட்காவிட்டாலும். பெயர் அச்சிடாத எதையும் வாயில் போடாதீர்கள். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், பொட்டலத்தோடு மருத்துவரிடம் போங்கள், அவர் படிப்படியாகக் குறைப்பார். தேவகோட்டைத் தம்பி, கறியைக் குறைத்தது நல்லது, ஆனால் கீல்வாதம் பெரும்பாலும் சிறுநீரகம் யூரிக் அமிலத்தைப் போதிய அளவு வெளியேற்றாததால் வருவது, பத்தியம் மட்டும் போதாமல் போகலாம். வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்தத்தில் அளவு சரியாகக் காட்டுவதும் உண்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். பள்ளத்தூர்ப் பெண்ணே, முடக்குவாதத்தில் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே எலும்பு அரிக்கத் தொடங்கிவிடலாம், எட்டு மாதம் போனது போகட்டும், இனி மருந்தை விடாதீர்கள். ரத்தப் பரிசோதனையில் முடக்குவாதக் காரணி இல்லை என்று வந்தாலும் நோய் இல்லை என்று பொருளல்ல. முழங்கால் தேய்மானக்காரர்கள் ஒரு கிலோ குறைத்தால், ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் இறங்கும் சுமை நாலு கிலோ குறையும். குன்றக்குடி மலைப்படியை வைராக்கியத்துக்காக ஏறாதீர்கள், சமதரையில் தினமும் நடங்கள். கரண்டிக் காம்பில் துணி சுற்றித் தடிமனாக்குங்கள். திருகும் குழாயை மாற்றி, தள்ளித் திறக்கும் கைப்பிடி வையுங்கள். நம் வீடுகளின் உயர்ந்த நிலைப்படிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி அடியுங்கள்.

பள்ளத்தூர்ப் பெண்:

அக்கா, கம்பியும் குழாயும் சென்ற வாரமே முடிந்தன. தாழ்ப்பாளை மாற்ற ஆசாரியையும் வரச் சொன்னேன். "ஐயா காலத்துத் தாழ்" என்று ஆத்தா விடவில்லை. இப்போது அதை எண்ணெய் போட்டு இளக்கி, நீளமான கைப்பிடி ஒன்றை ஆசாரி பொருத்தியிருக்கிறார். முழங்கையால் தள்ளினாலே நகர்கிறது. நான் அடுத்த முறை போனபோது மூன்றாவது தட்டலில் கதவு திறந்தது.

முறுக்குச் சுற்றும் தங்கையிடம் ஒன்று கேட்க வேண்டும். ஆத்தாவுக்கு ஞாயிற்றுக்கிழமை மாத்திரை. மறுநாள் முழுக்க வயிற்றைப் புரட்டுகிறது என்று சாப்பிடாமல் இருக்கிறார். உங்களுக்கு எப்படி?

முறுக்குச் சுற்றுகிறவள்:

எனக்கும் இருந்தது, அக்கா. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொன்னார்கள், வேறொரு நாளில் ஃபோலிக் அமில மாத்திரையும் கொடுத்தார்கள். பாதி குறைந்தது. ஆத்தாவுக்கு அது எழுதியிருக்கிறார்களா என்று சீட்டைப் பாருங்கள். திங்கட்கிழமை காலையில் கஞ்சி கொடுங்கள்.