அடிவயிற்று வலி, ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள்: கடைசியில் அது ஹெர்னியா

பாலக்கோடு பக்கத்திலிருந்து:

எனக்கு வலது பக்க அடிவயிற்றில், தொடை இடுக்கை ஒட்டி, பல வருஷமாக வலி. காலையில் எழும்போது ஒன்றும் இருக்காது. தக்காளி சீசனில் குனிந்து பறித்து, கிரேட்டைத் தூக்கி வண்டியில் ஏற்றி, மதியம் ஆகும்போது யாரோ உள்ளேயிருந்து சுண்டி இழுக்கிற மாதிரி ஆரம்பிக்கும், சாயங்காலத்துக்குள் தொடையின் உள்பக்கம், பிறப்புறுப்பு வரைக்கும் எரிச்சலாக இறங்கிவிடும், பாயை விரித்துப் படுத்தால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். நின்றால் வலி, படுத்தால் இல்லை. இதை எந்த டாக்டரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் பாதி வேலை அன்றைக்கே முடிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

முதலில் வெள்ளைப்படுதல் என்று மாத்திரை. அப்புறம் நீர்க்கடுப்பு. அப்புறம் குடல்வாலாக இருக்கும் என்ற சந்தேகம். ஸ்கேன் எப்போதும் நார்மல். ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரியில், பிள்ளை பெற்றாச்சு, குடும்பக் கட்டுப்பாடும் பண்ணியாச்சு, கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தொல்லை விட்டது என்றார்கள். எனக்கு நாற்பதுகூட ஆகவில்லை. வீட்டிலும் சரி என்றுவிட்டார்கள். என் பெரிய நாத்தனார் மட்டும், "கர்ப்பப்பை நல்லா இருக்குன்னு அவங்களே எழுதிக் கொடுத்திருக்காங்க, நல்லா இருக்கறத எதுக்கு எடுக்கணும்?" என்று கேட்டார். அங்கே யாரும் பதில் சொல்லவில்லை. அதனால்தான் வேறு இடத்துக்குப் போனோம்.

அங்கே சர்ஜரி ஓ.பி.யில் ஒரு லேடி டாக்டர். படுக்க வைத்து அமுக்கிப் பார்த்தார், பெரிதாக வலிக்கவில்லை. "எழுந்து நில்லுங்கம்மா" என்றார். திரைக்குப் பின்னால் புடவையைத் தளர்த்திக்கொண்டு நின்றேன். அவர் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, இடுப்பெலும்பில் தொடங்கி அடிவயிற்றின் நடு எலும்பு வரைக்கும் விரலால் மெதுவாக அழுத்திக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நிறுத்தி, இருமுங்க என்றார். இருமினேன், உயிரே போய்விட்டது. "வெளிய வீக்கம் இல்ல, ஆனா விரல்ல வந்து முட்டுது" என்றார். அத்தனை வருஷத்தில் என்னை நிற்க வைத்துப் பார்த்த முதல் ஆள் அவர்தான். படுத்தால் உள்ளே போய்விடுகிற ஒன்றை, எல்லோரும் படுக்க வைத்தே தேடியிருக்கிறார்கள்.

ஸ்கேனும் அப்படித்தான். நமக்கு வழக்கமாக எடுப்பது கர்ப்பப்பை, சினைப்பைக்கான ஸ்கேன், தொடை இடுக்குப் பக்கம் கருவி போகாது. இந்தத் தடவை இடுக்கை முக்கச் சொல்லிப் பார்க்கணும் என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார். வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு முக்கியபோது, அதுவரைக்கும் இல்லாத ஒன்று திரையில் நகர்ந்து வந்தது. ஹெர்னியா என்றார், அதாவது வயிற்றுச் சுவரில் இருக்கும் ஓட்டை வழியாக உள்ளே இருப்பது பிதுங்கி வருவது. எனக்கு வந்தது குடல் இல்லை, கொழுப்பு. அது அந்தச் சின்ன ஓட்டையில் மாட்டி நரம்பை அழுத்துவதால்தான் வலியாம். ஆண்களுக்கு அந்த வழி அகலம், அதனால் பெரும்பாலும் வீங்கி வெளியே தெரிந்துவிடும். நமக்கு அதன் வழியாகக் கர்ப்பப்பையைத் தாங்கும் நாண் மட்டும் போகிறது, வழி குறுகல், வெளியே எதுவும் தெரியாமலே வலிக்கலாம் என்று சீட்டின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினார். சிலருக்கு இந்த ஸ்கேனிலும் பிடிபடாது, எம்.ஆர்.ஐ. வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

லேப்ரோஸ்கோபியில், அதாவது சின்னத் துளை போட்டு கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷனில், ஓட்டையை வலை வைத்து மூடினார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் பார்த்தோம். வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை உண்டு, அட்டை எடுக்காதவர்கள் உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுத்து வையுங்கள். இப்போது வலி இல்லை. கர்ப்பப்பையும் அதன் இடத்தில் இருக்கிறது.

ஊத்தங்கரையிலிருந்து:

எங்கம்மாவுக்கு இது அவசர கேஸாகத்தான் தெரிய வந்தது. ஒல்லியான உடம்பு, வயசு எழுபதுக்கு மேல். தொடை ஆரம்பிக்கிற இடத்தில் சின்னதாக ஒரு கட்டி, நெறி கட்டியிருக்கு என்று விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். திடீரென்று வாந்தி, வயிறு உப்பிவிட்டது, காற்றுகூடப் பிரியவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக 108-ல் தூக்கிக்கொண்டு ஓடினோம். குடலில் ஒரு துண்டு மாட்டிக் கறுத்துவிட்டிருந்தது, அதை வெட்டி எடுக்க வேண்டியதாகிவிட்டது. ஃபெமரல் ஹெர்னியா என்றார்கள், தொடைக்கு ரத்தக்குழாய் இறங்குகிற இடத்தை ஒட்டி வருவது. இது ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம், ஓட்டையின் விளிம்பு இறுக்கமாக இருப்பதால் குடல் மாட்டினால் சுலபத்தில் திரும்பாது. வயசான அம்மா, மாமியார் யாராவது வாந்தி, வயிற்று வலி என்றால் வயிற்றை மட்டும் பார்க்காமல் தொடை இடுக்கையும் பார்க்கச் சொல்லுங்கள். கூச்சத்தில் அவர்களாகச் சொல்லவே மாட்டார்கள்.

ஓசூர், ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ்:

பாலக்கோடு அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வலிக்குக் காரணம் தேடி லேப்ரோஸ்கோபி செய்து "உள்ளே எல்லாம் நார்மல்" என்று மூடிவிட்ட பிறகும் ஹெர்னியா இருக்கலாம். வயிற்றின் உள்பக்கம் ஒரு மெல்லிய ஜவ்வு இருக்கிறது, கொழுப்பு ஹெர்னியா அந்த ஜவ்வுக்குப் பின்னால் இருக்கும், ஜவ்வைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். மகப்பேறு டாக்டர்கள் தேடுவது சினைப்பை, கர்ப்பக்குழாய், உள்ளுறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பது. அது அவர்கள் துறை, குறையாகச் சொல்லவில்லை. ஆனால் நார்மல் என்று எழுதின சீட்டைப் பார்த்துவிட்டு வலி மனசில்தான் என்று ஒரு பெண்ணை அனுப்பிவிடுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. 2018-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதலில் பெண்களின் தொடை இடுக்கு ஹெர்னியாவுக்கு, வசதி இருக்கிற இடத்தில் லேப்ரோஸ்கோபி முறையைத்தான் பரிந்துரைத்திருக்கிறார்கள், வெளியிலிருந்து வெட்டித் தைக்கும்போது கீழே இருக்கும் ஃபெமரல் ஓட்டை கண்ணில் படாமல் போய்விடலாம் என்பதால்.

அரூரிலிருந்து:

எல்லா வலியும் ஹெர்னியா இல்லை என்பதையும் யாராவது சொல்ல வேண்டும். எனக்கு எண்டோமெட்ரியோசிஸ், கர்ப்பப்பையின் உள்சுவர் போன்ற திசு அதற்கு வெளியே வளர்கிற நோய். மாதவிடாய்க்கு முன்னாலேயே ஆரம்பித்து, அந்த நாட்களில் மலம் போகும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிடும், தாம்பத்தியத்திலும் வலி. "பொம்பளைன்னா வலி இருக்கத்தான் செய்யும்" என்று பாட்டியிலிருந்து பக்கத்து வீடு வரைக்கும் சொன்னார்கள். எனக்கும் ஸ்கேன் நார்மல்தான், லேப்ரோஸ்கோபியில்தான் கண்டுபிடித்தார்கள். ஹெர்னியா வலியும் மாதவிடாய் நாட்களில் கூடுவதுண்டு, அங்கேதான் குழப்பமே. அதனால் காலண்டரில் தினமும் குறித்து வைத்தேன், வலி எந்த நாள், நின்றபோதா உட்கார்ந்தபோதா, இருமினால் கூடுகிறதா, மூத்திரம் போகும்போது எப்படி. அந்தக் காலண்டர் தாளைப் பார்த்துவிட்டுத்தான் டாக்டர் பொறுமையாகக் கேள்வியே கேட்டார். நம்ம ஊர்ப் பக்கம் கர்ப்பக்குழாயில் டி.பி. வருவதையும் மறந்துவிட வேண்டாம், இருமல் இல்லாமலே வரும்.

காவேரிப்பட்டணத்திலிருந்து:

எனக்கு சிசேரியன் தழும்பின் இடது ஓரத்தில் மட்டும் வலி, தொட்டாலே சுரீர் என்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் ஆகிறது. இதற்கு எங்கே காட்டுவது அக்கா?

ஓசூர் நர்ஸ்:

தங்கச்சி, தர்மபுரியில் 2008-லிருந்தும் கிருஷ்ணகிரியில் 2022-லிருந்தும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, மகப்பேறு, சர்ஜரி இரண்டு ஓ.பி.யும் ஒரே இடத்தில் கிடைக்கும். மகப்பேறு டாக்டர் பார்த்ததும் சர்ஜரிக்கும் எழுதித் தரும்படி நீங்களே கேளுங்கள். படுக்க வைத்து, வலிக்கிற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு தலையைத் தூக்கச் சொல்வார்கள். அப்போது வலி கூடினால் கோளாறு வயிற்றுச் சுவரில் இருக்க வாய்ப்பு அதிகம், குறைந்தால் உள்ளே. தழும்பு ஓரத்தில் நரம்பு மாட்டியிருந்தால் மரத்துப்போகிற ஊசி போட்டுப் பார்ப்பார்கள், வலி சட்டென்று நின்றால் அதுதான். தழும்பில் கட்டி தட்டுப்பட்டு அது மாதவிடாயில் வீங்கி வலித்தால் அரூர் அக்கா சொன்ன எண்டோமெட்ரியோசிஸ் தழும்பிலேயே வந்திருக்கலாம், அதையும் மறக்காமல் சொல்லுங்கள். சிசேரியன் டிஸ்சார்ஜ் சீட்டு வீட்டில் இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள்.