எஃப்பிஜிஏ பலகையில் தொடக்க அனுபவங்கள்: எல்இடியும் பொத்தானும்

மைக்ரோகன்ட்ரோலரில் சி மொழி பழகியபின் எஃப்பிஜிஏவுக்கு (உள்ளிருக்கும் சுற்றை நாமே வடிவமைத்து ஏற்றக்கூடிய சில்லு) வருபவர்களுக்குப் பயன்படும் என்பதால், என் தொடக்கத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஆர்ட்டிக்ஸ்-7 சில்லு பொருத்திய பேசிஸ் 3 பலகையில்தான், மின்சுற்றை நிரல்போல் விவரிக்கும் வெரிலாக் மொழியை நான் பழகினேன். அதன் கடிகாரம் 100 மெகாஹெர்ட்ஸ். நொடிக்குப் பத்துக் கோடித் துடிப்புகள். எல்இடியை மினுக்க விரும்பினால், 'அரை நொடி பொறு' என்று சொல்ல இங்கே வழியில்லை. வெரிலாகில் # குறியிட்டு எழுதும் தாமதம் கணினியில் இயக்கிப் பார்க்கும் சிமுலேஷனில் மட்டுமே செல்லுபடியாகும், நிரலைச் சுற்றாக மாற்றும் சின்தசிஸ் அதைப் பொருட்படுத்தாது. ஆகவே துடிப்புகளை எண்ணும் 27 பிட் கவுன்ட்டர் ஒன்றை அமைத்து, அதன் உச்ச பிட்டை எல்இடியுடன் இணைத்தேன். ஏறத்தாழ 6.7 கோடித் துடிப்புகளுக்கு ஒருமுறை அந்த பிட் மாறுவதால், விளக்கு 0.67 நொடி எரிந்து, அதே அளவு நேரம் அணைந்திருந்தது.

அதைவிட எனக்கு நிறைவளித்தது, சின்தசிஸ் முடிந்தபின் விவாடோ மென்பொருள் வரைந்து காட்டிய ஸ்கீமேட்டிக் எனும் சுற்றுப்படம்தான். நான் எழுதிய சில வரிகள் ஒவ்வொன்றும் ஒரு பிட்டை நினைவில் வைக்கும் 27 ஃபிளிப்-ஃபிளாப்களாகவும், கூட்டலின் மிகுதியை அடுத்த பிட்டுக்குக் கடத்தி அவற்றை இணைக்கும் கேரி சங்கிலியாகவும் அங்கே நின்றன. புதியவர்கள் ஒவ்வொரு சிறு நிரலுக்கும் இப்படத்தைத் திறந்து பார்க்க வேண்டும் என்பேன். எழுதும் வரி எந்தச் சுற்றாகிறது என்பது வேறெதிலும் இவ்வளவு தெளிவாகப் புலப்படுவதில்லை.

வடிவமைப்பின் ஒவ்வொரு போர்ட்டும் (உள்ளீடு அல்லது வெளியீடு) சில்லின் எந்தக் காலோடு (pin) இணையும் என்ற ஒதுக்கீட்டைப் பொறுத்தவரை, உற்பத்தியாளர் தரும் எக்ஸ்டிசி கோப்பில் தேவையான வரிகளை மட்டும் கமென்ட் குறி நீக்கி இயக்கினால் போதும். கால் குறிக்கப்படாத போர்ட் ஒன்று எஞ்சியிருந்தாலும், சில்லில் ஏற்ற வேண்டிய பிட்ஸ்ட்ரீம் கோப்பு உருவாகாது.

மறுமொழி 1

ஐயா, தங்கள் பதிவைத் தொடர்ந்து, பொத்தானில் நான் கண்டதைச் சொல்கிறேன். ஒருமுறை அழுத்தினால் ஓர் எண் கூட வேண்டிய இடத்தில், நான்கைந்து எண்கள் தாவின. பொத்தானின் உலோகத் தொடுமுனைகள் நிலைபெறும் முன் சில மில்லிநொடிகள் துள்ளுகின்றன. நமக்குக் கணப்பொழுதாகத் தோன்றும் 10 மில்லிநொடி, இந்தக் கடிகாரத்துக்குப் பத்து லட்சம் துடிப்புகள். மேலும், விரல் கடிகாரத்தோடு ஒத்திசைந்து அழுத்துவதில்லை என்பதால், சமிக்ஞை மாறும் தருணம் துடிப்பின் விளிம்போடு மோதினால், ஃபிளிப்-ஃபிளாப் 0, 1 இரண்டிலும் சேராத நிலையில் சிறிது நேரம் தத்தளிக்கக்கூடும். எனவே உள்ளீட்டை முதலில் அடுத்தடுத்த இரண்டு ஃபிளிப்-ஃபிளாப்கள் வழியே செலுத்தி, பிறகு அது 10 மில்லிநொடி மாறாதிருந்தால் மட்டுமே ஏற்கும் கவுன்ட்டரை வைத்து, ஏற்கப்பட்ட சமிக்ஞை 0-விலிருந்து 1-க்கு மாறும் ஏறுவிளிம்பை மட்டும் எண்ணினேன், தாவல் நின்றது. அந்தக் கால அளவைப் பாராமீட்டராக (வெளியிலிருந்து மாற்றக்கூடிய மதிப்பாக) எழுதுவது நல்லது, ஏனெனில் சோதனைக்கென எழுதும் டெஸ்ட் பெஞ்சில் அதைப் பத்துத் துடிப்புகளாகக் குறைத்துக்கொண்டால் சிமுலேஷன் விரைவில் முடியும்.

மறுமொழி 2

மின்சாரத்தைத் துண்டித்ததும் வடிவமைப்பு மறைந்துவிடுவதைக் கண்டு பலகை பழுதென்று எவரும் அஞ்ச வேண்டாம். இச்சில்லின் அமைவுத் தகவல், மின்சாரம் உள்ளவரை மட்டுமே தகவலைக் காக்கும் எஸ்ராம் நினைவகத்தில் இருப்பதால் அது இயல்பே. மின்சாரம் போனாலும் அழியாத, பலகையிலுள்ள ஃபிளாஷ் நினைவகத்தில் பிட்ஸ்ட்ரீமை எழுதி, பிட்ஸ்ட்ரீமை எங்கிருந்து ஏற்றுவது என்று தீர்மானிக்கும் பயன்முறை ஜம்பரை (சிறு இணைப்பி) ஃபிளாஷுக்குரிய இடத்துக்கு மாற்றிவிட்டால், மின்சாரம் வரும்போதெல்லாம் சில்லு தானாகவே அதை ஏற்றிக்கொள்ளும்.